குமிழியை அடைத்த பிறகு

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கிறது. டாக்டர் வெளியே வந்து, "குமிழியை அடைச்சாச்சு, நல்லபடியா முடிஞ்சுது" என்கிறார். இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருந்தவர்களுக்குப் போன உயிர் பாதி திரும்பி வருகிறது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் பறக்கிறது. ஐந்தாறு நாள் கழித்து, கண் விழித்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அதே நோயாளிக்கு வலது கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. "ஆபரேஷன்தான் சக்சஸ் ஆச்சே, அப்புறம் எப்படி?" குடும்பம் டாக்டரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது ஒன்று, இவர்கள் காதில் விழுந்தது வேறொன்று. மூளை ரத்தக்குழாயில் வெடித்த குமிழியை, அதாவது அனியூரிசத்தை, அடைப்பது மறுபடி வெடிக்காமல் தடுப்பதற்கான வேலை மட்டுமே. முதல் வெடிப்பில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை அது சரிசெய்வதில்லை. கொட்டிக் கிடக்கும் ரத்தம் அடுத்த இரண்டு வாரத்தில் செய்யப்போகும் வேலையையும் அது நிறுத்துவதில்லை. இந்த நோயில் ஒருவர் பிழைப்பாரா, பிழைத்தால் எப்படி இருப்பார் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான்.

சரி, குமிழி எங்கே வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கழுத்து வழியாக மேலே ஏறும் நான்கு பெரிய தமனிகள் மூளையின் அடிப்பக்கத்தில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகின்றன. 1664இல் இதை விரிவாக எழுதிவைத்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸின் பெயரால் இன்றும் அது வில்லிஸ் வளையம். வளையத்திலிருந்து கிளைகள் பிரியும் கவைகளில் ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் சுவரில் மோதிக்கொண்டே இருக்கிறது. உடம்பின் மற்ற தமனிகளைவிட மூளைத் தமனிகளுக்குச் சுவர் மெலிசு. பல வருஷ மோதலில் நலிந்த இடம் மெல்லப் புடைத்து, காம்பில் தொங்கும் பழம் மாதிரி வெளியே தள்ளுகிறது. சில மில்லிமீட்டர்தான் இருக்கும்.

பெரியவர்களில் நூற்றுக்கு சுமார் 3 பேருக்கு இப்படியொரு குமிழி இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசு முழுக்க வெடிப்பதே இல்லை; இருப்பதுகூடத் தெரியாமல் வேறு காரணத்தில் இறந்துபோகிறார்கள். வெடிப்பது ஆண்டுக்கு லட்சத்தில் 6 முதல் 9 பேருக்கு. பின்லாந்திலும் ஜப்பானிலும் இது கூடுதல். மொத்தப் பக்கவாதங்களில் 5 சதவீதம்தான் என்றாலும், மற்ற பக்கவாதங்களைவிட இது இளவயதில் தாக்குகிறது. ஐம்பதுகளில் இருப்பவர்கள் அதிகம். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். புகைபிடிப்பதும் உயர் ரத்த அழுத்தமும் முதல் இரண்டு எதிரிகள். நெருங்கிய ரத்த சொந்தத்தில் இரண்டு பேருக்கு வந்திருந்தாலும், சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் நிறையும் பரம்பரை நோய் இருந்தாலும் வாய்ப்பு கூடுகிறது.

வெடிக்கும் அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மூளையைச் சுற்றி மெல்லிய சவ்வுக்கு அடியில் தெளிந்த நீர் நிறைந்த ஓர் இடைவெளி உண்டு. பெரிய ரத்தக்குழாய்கள் அந்த நீருக்குள்தான் ஓடுகின்றன. குமிழி கிழிந்ததும் தமனியின் முழு அழுத்தத்தில் ரத்தம் அந்த இடைவெளிக்குள் பீய்ச்சுகிறது. மண்டை ஓடு விரிந்துகொடுக்காது. ஆகவே உள்ளே அழுத்தம் விறுவிறுவென ஏறி, சிலருக்கு ரத்த அழுத்தத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. உள்ளே தள்ளும் விசையும் எதிர்த்து நிற்கும் விசையும் சமமானால் மூளைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். ஆள் சுருண்டு விழுவது அதனால்தான். ஒரு விநோதம் என்னவென்றால், கசிவு நிற்பதற்கும் அதே அழுத்தம்தான் உதவுகிறது. எதிரழுத்தத்தில் ஓட்டம் தணிந்து, கிழிசலின் வாயில் ரத்தக்கட்டி உட்காருகிறது. அழுத்தம் இறங்கி ஆளுக்கு நினைவு திரும்புகிறது. அழுத்தம் இறங்காதவர்கள் திரும்புவதில்லை. நூற்றில் 10 முதல் 15 பேர் ஆஸ்பத்திரியை அடையும் முன்பே இறந்துவிடுகிறார்கள்.

நினைவோடு இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: இடி விழுந்த மாதிரித் தலைவலி, இந்த ஜென்மத்தில் இப்படி வந்ததில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வலியின் அளவைவிட அதன் வேகம். ஒற்றைத் தலைவலி அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஏறும். இது ஒரு நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். பின்னாலேயே வாந்தி, பிடரி விறைப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம் வரலாம். சிலருக்கு ஒரு பக்க இமை தொங்கி அந்தக் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். கண்ணை அசைக்கும் நரம்பைக் குமிழி அழுத்துகிறது என்று பொருள். இன்னும் சிலருக்குப் பெரிய வெடிப்புக்குச் சில நாள் முன்பே திடீர்த் தலைவலி ஒன்று வந்து போயிருக்கும். மாத்திரை போட்டுப் படுத்திருப்பார்கள்.

தலைவலிதானே என்று விடுவது வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்த ரத்தக்கசிவோடு வந்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு முதலில் பார்த்த மருத்துவர் வேறு நோய் என்று சொல்லியிருந்தார். ஒற்றைத் தலைவலி, டென்ஷன் தலைவலி என்பவைதான் அந்தப் பட்டியலில் அதிகம். காரணமும் சிக்கலானதல்ல. பெரும்பாலானவர்களுக்கு சிடி ஸ்கேன் எடுக்கவே இல்லை. தலைவலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் நல்ல கருவியில் எடுத்து, தேர்ந்த கண் பார்த்தால், சிடி இதைத் தவறவிடுவது மிக அரிது. நேரம் போகப் போக ரத்தம் நீரில் கரைந்து படத்தில் மங்கிவிடும். அப்போது இடுப்பு முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்து, அதில் மஞ்சள் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து அந்த நிறம் வரச் சுமார் பன்னிரண்டு மணி நேரமாகும். கசிவு உறுதியானால் அடுத்தது குமிழி எங்கே என்று காட்டும் ஆஞ்சியோகிராம்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்பதை மருத்துவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கிறார்கள். தெளிவாகப் பேசுகிறவர் ஒன்று. எழுப்ப முடியாத மயக்கத்தில் கிடப்பவர் ஐந்து. பின்னாளில் என்ன ஆகும் என்பதை இந்த எண் சொல்லும் அளவுக்கு எந்தச் சிகிச்சையின் பெயரும் சொல்வதில்லை. ஆனால் இது கல்வெட்டும் அல்ல. ஐந்தாம் நிலையில் வருகிறவர்களில் சிலருக்கு மயக்கத்துக்குக் காரணம், ரத்தம் வழியை அடைத்ததால் மூளைக்குள் நீர் தேங்குவது. மண்டையில் சிறு துளையிட்டு ஒரு குழாயைச் செருகி நீரை வடித்ததும் கண் திறந்தவர்கள் உண்டு. அதனால்தான் அனுபவசாலிகள் நீரை வடித்த பிறகே தரத்தைக் கணிக்க விரும்புகிறார்கள்.

கிழிசலின் வாயில் இருக்கும் ரத்தக்கட்டி தற்காலிகக் காவல்தான். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில், அதிலும் முதல் சில மணி நேரத்தில், மிக அதிகம். இரண்டாவது வெடிப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரையவிடாமல் காக்க டிரானெக்சாமிக் அமிலம் கொடுக்கலாமே என்று பல வருஷம் யோசித்து, நெதர்லாந்தில் 955 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2021இல் வந்த முடிவு: ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் நிலையில் வித்தியாசம் இல்லை. ஆக, ரத்த அழுத்தத்தை எகிறவிடாமல் பிடித்துவைத்து, கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள் குமிழியை அடைத்துவிடுவதுதான் வழி.

எதைக்கொண்டு அடைப்பது? 1931இல் எடின்பரோவில் நார்மன் டாட், நோயாளியின் தொடையிலிருந்து தசைத் துண்டு எடுத்து, கசியும் குமிழியைச் சுற்றிப் பொதிந்தார். நோயாளி பிழைத்தார். 1937இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வால்டர் டாண்டி, குமிழியின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பைப் போட்டு இறுக்கினார். இன்றைய கிளிப் ஆபரேஷன் அதன் வாரிசு. உலோகம் டைட்டானியமாகி, மைக்ராஸ்கோப் வந்து சேர்ந்தது, ஆனால் தத்துவம் அதேதான். மண்டை ஓட்டில் ஒரு ஜன்னல் திறந்து, மூளையை வெட்டாமல் அதன் மடல்களுக்கு இடையிலான பள்ளத்தை மெல்லப் பிரித்து உள்ளே போகிறார்கள். குமிழி வெடித்தால் சமாளிக்க, அதற்கு முந்தைய தமனியில் சில நிமிடங்களுக்குத் தற்காலிகக் கிளிப் போடுவதும் உண்டு. குமிழியின் கழுத்தை நாலாபுறமும் விடுவித்த பிறகு கிளிப்பின் இரண்டு அலகுகளும் மூடுகின்றன. அந்த அலகுகளுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு சின்னத் தமனி சிக்கிவிட்டாலே ஒரு கை விளங்காமல் போகலாம். கிளிப் போட்ட பிறகும் பக்கத்துக் குழாய்களில் ரத்தம் ஓடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

இன்னொரு வழி காயில், அதாவது சுருள் கம்பி. இந்த முறையில் மண்டையைத் திறப்பதில்லை. இத்தாலியரான குய்டோ குலியெல்மி இதைக் கலிஃபோர்னியாவில் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை நுழைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி குமிழியின் வாய்வரை கொண்டுபோகிறார்கள். அதன் வழியாகப் பிளாட்டினக் கம்பி உள்ளே இறங்குகிறது. குழாயை விட்டு வெளியே வந்ததும் தானாகச் சுருண்டுகொள்ளும் அளவுக்கு மென்மையான கம்பி அது. சரியாக உட்காரவில்லையா, வெளியே இழுத்து மறுபடி வைக்கலாம். உட்கார்ந்ததா, சிறு மின்சாரம் செலுத்தி இணைப்பைக் கரைத்து அங்கேயே விட்டுவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக நூல்கண்டு போல நிறைந்ததும் குமிழிக்குள் ரத்தம் சுழல்வது நின்று உறைந்துவிடுகிறது.

கிளிப்பா காயிலா என்ற சண்டைக்கு 2002இல் ஐசாட் ஆய்வு ஒரு பதில் சொன்னது. 2,143 நோயாளிகள், பெரும்பாலும் பிரிட்டனும் ஐரோப்பாவும். ஓராண்டு கழித்து இறந்தவர்கள் அல்லது பிறர் தயவில் வாழ்கிறவர்கள், காயில் பிரிவில் 23.7 சதவீதம், கிளிப் பிரிவில் 30.6 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெரிந்ததும் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். மூளை அறுவை உலகம் அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை.

ஆனால் அந்த எண்ணுக்குள் ஒரு கொக்கி இருக்கிறது. 9,559 பேரைப் பரிசீலித்துத்தான் 2,143 பேரைச் சேர்த்தார்கள். இரண்டு முறையும் பொருந்தும், எது மேல் என்று சொல்ல முடியாது என மருத்துவர்கள் கருதியவர்கள் மட்டுமே அவர்கள். பெரும்பாலோர் நல்ல நிலையில் வந்தவர்கள், மூளையின் முன்பாகத் தமனிகளில் சிறிய குமிழி உள்ளவர்கள். எல்லோருக்கும் காயில்தான் என்று ஐசாட் சொல்லவில்லை. பக்கவாட்டுத் தமனியில் குமிழி வெடித்து மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டியும் சேர்ந்திருந்தால் மண்டையைத் திறந்தே ஆக வேண்டும். கட்டியை எடுக்கும் கையோடு கிளிப்பும் போட்டுவிடலாம். மூளைத்தண்டுக்கு அருகே பின்பக்கத் தமனியில் இருந்தால் பொதுவாகக் காயில். காயில் போட்ட குமிழியில் கம்பி காலப்போக்கில் அமுங்கி மறுபடி இடம் உண்டாகலாம் என்பதால் மாதங்கள், வருஷங்கள் கழித்தும் படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு மறுபடி கசிவது காயிலில் சற்றே கூடுதல் என்பதையும் ஐசாட்டே பதிவுசெய்தது. ஆனாலும் எண்ணிக்கை மிகச் சிறியது.

குடும்பங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இந்தக் கிளிப்–காயில் கேள்விதான். என் கணக்கில் அதைவிட முக்கியமானது வேறு: இந்த ஆஸ்பத்திரி வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைப் பார்க்கிறது? இரண்டு முறையும் தெரிந்த குழுவும் தனி நரம்பியல் ஐசியுவும் இருக்கிறதா? வருஷத்துக்குப் பத்துப் பேரைக்கூடப் பார்க்காத இடங்கள், 35 பேருக்கு மேல் பார்க்கும் இடத்துக்குச் சீக்கிரம் மாற்றிவிடுவதை யோசிக்க வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் 2012இலேயே சொன்னது. ஆபரேஷன் செய்யும் கை மட்டும் இதற்குக் காரணமல்ல. அப்புறம் வரும் இரண்டு வாரம்தான் முக்கியக் காரணம்.

குமிழியை அடைத்தாயிற்று. சவ்வுக்கு அடியில் கொட்டிய ரத்தம் அப்படியே கிடக்கிறது. அது சிதையச் சிதைய வெளிவரும் பொருட்கள் சுற்றியுள்ள தமனிகளை எரிச்சலூட்டுகின்றன. நான்காம் நாள் வாக்கில் தமனிகள் இறுகத் தொடங்கி, ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய், பதினான்கு நாளுக்குப் பிறகு மெல்லத் தளர்கின்றன. படம் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்தச் சுருக்கம் தெரியும். மூளைக்கு ரத்தம் குறைந்து கை கால் பலவீனமோ மந்தமோ வருவது சுமார் மூன்றில் ஒருவருக்கு. முதல் நாள் சிடியில் எவ்வளவு தடிமனாக ரத்தம் தெரிந்ததோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுதல். முதலில் சொன்ன அந்த வலது கை, ஐந்தாறு நாள் கழித்து ஏன் விழுந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

ஐசியுவில் மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து எழுப்புவது ஏன் என்று பலருக்குப் புரிவதில்லை. "இப்பத்தான் கண்ணசந்தார், விடுங்களேன்" என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. பெயர் என்ன, இது எந்த மாதம், இரண்டு கையையும் நீட்டிப் பிடியுங்கள். நீட்டிய கைகளில் ஒன்று லேசாக உள்ளே திரும்பிக் கீழே சரிந்தால் போதும், ஐசியு பரபரப்பாகிவிடும். ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்து ஏற்றுவார்கள். முந்தின வாரம் எதை இறக்கப் பாடுபட்டார்களோ அதையே இப்போது ஏற்றுகிறார்கள். குமிழி அடைக்கப்பட்டிருப்பதால்தான் இந்தத் துணிச்சல் முடிகிறது. சீக்கிரம் அடைப்பதன் இன்னொரு லாபம் இது. அதற்கும் மசியாவிட்டால் ஆஞ்சியோ அறைக்குக் கொண்டுபோய், இறுகிய தமனியைப் பலூனால் விரிப்பதோ, நேராக அதற்குள் மருந்து செலுத்துவதோ நடக்கும்.

இந்த இரண்டு வாரத்துக்கு மருந்து என்று நம்பிச் சொல்லக்கூடியது நிமோடிபின் ஒன்றுதான். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம், 21 நாள், நடுராத்திரியிலும். 1989இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 554 பேர் பங்கேற்றனர். மூளைத் திசு செத்துப்போவது 33 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைந்தது. தமனியின் இறுக்கத்தைத் தளர்த்தத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். படத்தில் பார்த்தால் இறுக்கம் அவ்வளவாகத் தளர்வதில்லை, ஆனால் நோயாளிகள் தேறுகிறார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன, ஒன்றும் முடிந்தபாடில்லை. மறுபக்கம், தமனி இறுக்கத்தைக் குறிவைத்து வந்த மற்ற மருந்துகள் வரிசையாகத் தோற்றன. 2012இல் மக்னீசியம், 2014இல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின். தமனியை நன்றாகவே தளர்த்திய கிளாசோசென்டானாலும் பெரிய ஆய்வில் நோயாளிகளின் கதியை மாற்ற முடியவில்லை. ஆனாலும் ஜப்பான் 2022இல் அதற்கு அனுமதி கொடுத்தது. சேதம் என்பது தமனி இறுகுவது மட்டுமல்ல, முதல் வெடிப்பிலேயே மூளைக்குள் நிறைய நடந்துவிடுகிறது என்ற எண்ணம் வலுத்தது இந்தத் தோல்விகளால்தான்.

அண்மையில் நம்பிக்கை தந்தது ஓர் எளிய யோசனை: ரத்தம்தான் வில்லன் என்றால் அதை வெளியேற்றிவிடலாமே? இடுப்பில் சிறு குழாய் வைத்து, ரத்தம் கலந்த நீரைச் சில நாள் வடித்தெடுப்பது. 287 பேரை வைத்துச் செய்த எர்லிடிரெயின் ஆய்வு 2023இல் வந்தது. ஆறு மாதம் கழித்து மோசமான நிலையில் இருந்தவர்கள் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44.8. புது மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த லாபம் இது.

தமனி இறுக்கம் ஒன்றுதான் தொல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உடம்பில் சோடியம் சரியும். வெடித்த கணத்தில் பாய்ந்த அட்ரினலினால் இதயத் தசை சில நாள் அசந்துபோகும். ஈசிஜியைப் பார்த்து ஹார்ட் அட்டாக் என்று தவறாக எண்ணியதும் உண்டு. தேங்கிய நீர் வடியாமலே போனால் மூளையிலிருந்து வயிற்றுக்குள் நிரந்தரக் குழாய் இறக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் தாண்டி என்ன மிஞ்சுகிறது? மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். சில பத்தாண்டுகளுக்கு முன் இது பாதியை நெருங்கியிருந்தது. நோயாளிகளின் நிலையை ஆய்வுகள் பூஜ்யம் முதல் ஆறு வரையிலான அளவுகோலில் வைக்கின்றன: பூஜ்யம் என்றால் குறையே இல்லை, ஆறு என்றால் மரணம். இரண்டும் அதற்குக் கீழும் இருந்தால் "நல்ல முடிவு". தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர் எவரும் அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடுவார்.

அந்தப் பெட்டி கொஞ்சம் தாராளமானது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்துபோகிறவர், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தலை சுற்றுகிறவர், பிற்பகல் மூன்று மணிக்கே சோர்ந்து படுத்துவிடுகிறவர், முன்பு சிரித்த விஷயத்துக்கு இப்போது எரிந்துவிழுகிறவர் எல்லோரும் அளவுகோல்படி நன்றாக இருப்பவர்களே. மூளையின் முன்நடுவில் இருக்கும் குமிழி வெடித்தவர்களிடம் நினைவும் சுபாவமும் மாறுவதை அதிகம் பார்க்கலாம். சிலருக்கு வாசனை தெரியாமல் போகும். கண்ணுக்குள் ரத்தம் இறங்கிப் பார்வை மங்கியவர்களும் உண்டு. மயக்கம் தெளியும்வரை அது யாருக்கும் தெரியாது. பழைய வேலைக்கு அதே மாதிரி திரும்புகிறவர்கள், "நல்ல முடிவு" பெற்றவர்களிலும் ஒரு பகுதிதான்.

வீட்டுக்குப் போனபின் முன்னேற்றம் நின்றுவிடுவதில்லை. நினைவும் கவனமும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்வரைகூடத் தேறிக்கொண்டே இருக்கும். ஆறாம் மாதத்தில் படம் எடுக்க வரும்போது டாக்டர் திரையில் குமிழியைத்தான் பார்ப்பார். "நல்லா அடைஞ்சிருக்கு" என்பார். கூட வந்தவர் அந்த நேரத்தில் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்: ராத்திரி தூங்குவதில்லை, கணக்குப் பார்க்க வரவில்லை, எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்று. அதற்கு மறுவாழ்வுப் பயிற்சி உண்டு, மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. கேட்காமல் யாரும் எழுதிக் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் ஆஞ்சியோ படத்தில் அதெல்லாம் தெரியாது.